கிராமப்புறப் பெண்கள் நிலைத்த வேளாண்மையாலும் சிறு தொழிலாலும் பொருளாதாரத்தில் உயர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் "எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம்?" என்ற இடத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் முடியாது. நானே அப்படித் தொடங்கிக் கெடுத்தவன். ஏழு ஆண்டுகள் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கையில் கொஞ்சம் நிதி இருப்பதாகவும் காளான், மண்புழு உரம், தையல் என்று மூன்று பயிற்சிகளை யோசித்து வைத்திருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். காளானிலிருந்தே வருகிறேன்.

22 பேருக்குச் சிப்பிக் காளான் பயிற்சி நடத்தினோம். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்து, பைக்குள் அடுக்கடுக்காக வித்து தூவிக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெண்ணிற இழைகள் பை முழுவதும் பரவிய பிறகு குடிலுக்குள் ஈரம் குறையவே கூடாது. சாக்குப் படுதாக்களை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி நன்றாக முடிந்தது. சான்றிதழ் கொடுத்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். நான்காம் மாதம் போய்ப் பார்த்தால் நான்கு பேர்தான் மிச்சம். அறிக்கையில் "ஆர்வக் குறைவு" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு சொற்களுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

விட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவர் என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வைக்கோலுக்கு ஒரு கட்டம், வித்துக்கு ஒரு கட்டம், பைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். தண்ணீரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். வீட்டுக்கு எடுப்பது போக, ஊறவைக்க, கழுவ, தெளிக்க என்று நாளொன்றுக்கு ஒன்பது குடம். தாக்குப்பிடித்த நால்வரின் வீடுகளும் குழாயடியை ஒட்டி இருந்தவை. ஆர்வத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நோட்டில் "மணி" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். வரவிலிருந்து செலவைக் கழித்து லாபம் என்று எழுதுகிறோமே, அதை உழைத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். பல சிறு தொழில்களில் இந்த வகுத்தல் பெரிய அதிர்ச்சியாக இருக்கும். "மாதாமாதம் லாபம்" என்று மேடையில் கைதட்டு வாங்கிய தொழில், மணிக் கணக்கில் பக்கத்து வயலின் களையெடுப்புக் கூலியைக்கூடத் தொடாது. அதைவிட மோசம், அந்த மணிகள் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

நிலைத்த வேளாண்மையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுப்பது ஒருவர், களை பிடுங்குவது இன்னொருவர். உழாமல் பயிர் செய்யும் முறையைக் களைக்கொல்லி இல்லாமல் மேற்கொண்டால் தொடக்க ஆண்டுகளில் களை வேலை கூடும் என்பதும், அந்தக் கூடுதல் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும் என்பதும் ஆப்பிரிக்க நாடுகளின் சிறு பண்ணைகளில் பதிவாகியிருக்கிறது. மண்புழு உரமும் அப்படித்தான். நிழல், ஈரம், சாணம், இலைதழை இருந்தால் இரண்டு மாதத்தில் உரம் தயார். நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொந்த வயலில் இடும்போது கிடைப்பது வருமானமல்ல, உரச் செலவின் மிச்சம். அந்த மிச்சம் இருப்பது யார் சட்டைப் பையில்? உரத்தைச் சுமந்து கொட்டியவரிடம் இல்லை.

பணம் கைமாறும் விதத்துக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா. அங்கே சதுப்பு நிலத்து நெல் பெண்களின் பயிர். 1980களில் ஜஹாலி–பச்சார் என்ற பாசனத் திட்டம் வந்தது. பாத்திகளைப் பெண்களின் பெயரிலேயே கொடுப்பதுதான் நோக்கம். தண்ணீர் வந்து விளைச்சல் பெருகியதும் அவை "குடும்ப வயல்" என்று பெயர் மாறி ஆண்களின் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டன. பயிர் அதே பயிர். நாற்று நட்ட கைகளும் பெரும்பாலும் அதே கைகள். நான் பழகிய குழுக்களிலும் சிறிய அளவில் இதையே கண்டேன். நான்கு கோழி இருக்கும்வரை அது அவருடைய கோழி. நாற்பதானதும் விற்கப் போகிறவர் வேறு ஆள்.

கடனிலும் இதே கதைதான். வங்கதேசத்தில் பெண்கள் பெயரில் வழங்கப்பட்ட சிறு கடன்களைப் பற்றி 1996-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடன் தொகையின் மீது பெண்களுக்கு முழுமையான அல்லது கணிசமான கட்டுப்பாடு இருந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான கடன்களில் மட்டுமே. தவணை கட்டும் பொறுப்போ எல்லாக் கடன்களிலும் அவர்கள் பெயரில்தான். இதனால் கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனையே முதல் படியாக வைக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்தது பெயர். இயற்கை விளைபொருள் சான்றிதழ், உற்பத்தியாளர் பதிவேடு போன்றவை பெரும்பாலும் நிலப் பத்திரத்தில் இருக்கும் பெயரைத்தான் தேடும். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பாளர்களில் சராசரியாக 43 சதவீதம் பெண்கள். ஆண்களுக்குக் கிடைக்கும் அதே இடுபொருளும் வசதியும் கிடைத்தால் அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும் என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. அறிவுக் குறைவு என்று அதில் யாரும் பழி போடவில்லை. இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவின் விற்பனைப் பதிவேட்டில் "விவசாயி பெயர்" என்ற கட்டத்தில் இரண்டு ஆண்டுகள் கணவர்களின் பெயர்களையே எழுதி வந்தேன், யாரும் சொல்லாமலே. காசோலைகளும் அந்தப் பெயர்களில்தான் வந்தன.

பலன் கொடுத்தவை என்று பார்த்தால், பெரிய கருவிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு தராசு நினைவுக்கு வருகிறது. வாங்க வருபவர் தன் தராசைக் கொண்டுவருவார்; அதில் என்ன எடை காட்டுகிறதோ அதுதான் எடை. குழு சேமிப்பில் சொந்தத் தராசு வாங்கி, மூட்டை கட்டும் முன்பே எடை போட்டு எழுதி வைத்தார்கள். முதல் விற்பனையில் இரண்டு எடைக்கும் நடுவே வித்தியாசம் வந்தது. யாரும் சண்டை போடவில்லை. வந்தவரிடம் நோட்டைத் திறந்து காட்டினார்கள். அடுத்த வாரம் அவர் தராசு கொண்டுவரவில்லை. எல்லோருடைய சரக்கையும் ஒரே இடத்தில் தரம் பிரித்து, சேர்த்து விற்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. விலை பேசும் துணிச்சலும் அப்படியே வளர்ந்தது. அதற்கென்று ஒரு பயிற்சியும் நடத்தவில்லை.

சேமிப்புக்கு நைஜர் நாட்டுப் பெண்களிடமிருந்து ஒரு வழி இருக்கிறது. 1991-இல் மராடிப் பகுதியில் கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்தது. ஒரு பெட்டி, மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். எல்லோரும் கூடும்போதுதான் திறக்கும். உறுப்பினர்கள் போட்ட பணத்திலிருந்தே கடன், வட்டியும் அவர்களுக்கே. ஏறக்குறைய ஓராண்டு முடிந்ததும் கணக்கு தீர்த்துப் பிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள். வீட்டில் திடீரென்று யாராவது பணம் கேட்டால், "சாவி என்னிடம் இல்லை" என்று பொய் சொல்லாமலே சொல்லிவிடலாம். இந்தப் பயனை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னது.

நிலமே இல்லாதவர்களுக்குக் கேரளத்தின் குடும்பஸ்ரீ காட்டிய வழி உண்டு. 1998-இல் தொடங்கிய மகளிர் இயக்கம் அது. பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். பொருளியலாளர் பினா அகர்வால் இந்தக் குழுப் பண்ணைகளைத் தனிக் குடும்பப் பண்ணைகளோடு ஒப்பிட்டார். ஹெக்டேருக்கான ஆண்டு விளைச்சல் மதிப்பு குழுப் பண்ணைகளில் ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. அதே ஒப்பீட்டைத் தெலங்கானாவில் செய்தபோது குழுக்கள் விளைச்சலில் பின்தங்கின. கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருமானத்தில் தனிப் பண்ணைகளுக்கு இணையாக நின்றன. ஆகவே ஓரிடத்தில் வென்றதை அச்சடித்து எல்லா ஊருக்கும் ஒட்டிவிட முடியாது.

உங்கள் மூன்று பயிற்சிகளுக்கு வருகிறேன். தையலைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. காளான் வேண்டுமென்றால் குடிலைத் தண்ணீருக்குப் பக்கத்தில், பொதுவாக, ஒன்றே ஒன்றாகப் போடுங்கள். முறை வைத்து ஈரம் பார்த்துக்கொள்வார்கள். பறித்த காளான் ஓரிரு நாளில் வாடிவிடும், எனவே வாங்கும் ஆளை முதலில் பிடித்துவிட்டு வித்து வாங்குங்கள். மண்புழு உரத்தை விற்க நினைத்தால் மூட்டை சுமக்கும் தூரத்தைக் கணக்கிடுங்கள். நாற்றங்காலில் அதே உரத்தைப் பயன்படுத்தி நாற்றாக விற்றால் சுமை குறைவு, காசும் விற்றவர் கையிலேயே வரும்.

இவற்றுக்கு முன் ஒரு மாதம் எதையும் கற்றுக்கொடுக்காமல், காலை எழுந்தது முதல் படுக்கும்வரை அவர்களுடைய நேரத்தை அவர்களையே எழுதவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டாலும் போதும். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாள்கள் சொன்னால், தொட்டியையே கட்டிவிடுங்கள். நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவது சற்றுச் சிரமம்தான். தொட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.