அமிலம், காரம், கரைசல்: வாசகர் கேள்விகள்

கே: டைட்ரேஷனில் வந்த இளஞ்சிவப்பு ரெண்டு நிமிஷத்தில் மறைந்துவிடுகிறது. இன்னொரு சொட்டு விடலாமா?

ப: வேண்டாம். டைட்ரேஷன் என்பது அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான ஃபினாப்தலீனின் நிறம் அரை நிமிடம் நின்றாலே அதுதான் முடிவுநிலை, அதாவது நிறுத்த வேண்டிய இடம். அப்புறம் மறைவது காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு கரைந்து அமிலமாவதால். நிறம் நிற்கட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தால் பியூரெட் (சொட்டு விடும் அளவுக்குழாய்) காட்டும் அளவுதான் தப்பாகும்.

கே: 10 மி.லி. ஆசிடை 90 மி.லி. தண்ணீரில் கலந்தேன். நார்மாலிட்டி என்ன?

ப: எந்த ஆசிட்? அதைச் சொல்லாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? நார்மாலிட்டி என்பது ஒரு லிட்டரில் அமிலத்தின் வினைத்திறன் எவ்வளவு என்ற அளவு. அடர் ஹைட்ரோகுளோரிக் என்றால் சுமார் 12 நார்மல், பத்து மடங்கு நீர்த்தால் 1.2 வரும். அடர் கந்தக அமிலம் சுமார் 36, ஆக 3.6. கழிப்பறை கழுவ வாங்கியது என்றால் டைட்ரேட் செய்துதான் பார்க்க வேண்டும். சரியான அளவு வேண்டுமா, திட்டக்குடுவையில் 100 குறி வரை நிரப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும். ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

கே: பி.எச். 9 உள்ள ஆல்கலைன் வாட்டர் குடித்தால் உடம்பிலுள்ள அமிலம் குறையுமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் அலகு. பி.எச். 9 என்றால் ஒரு லிட்டரில் இருக்கும் ஹைட்ராக்சைடு, அதாவது காரம், 0.00001 மோல். இரைப்பை நீரின் பி.எச்.ஐ 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு மில்லிலிட்டரில் உள்ள அமிலமும் அதே 0.00001 மோல். முழு லிட்டர் பாட்டிலின் காரத்தையும் காலி செய்ய ஒரு மில்லி இரைப்பை நீர் போதும்! தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் கணக்கு கூடும். அதற்காக பாட்டில் விலை நியாயமாகிவிடாது. சரி, ரத்தம்? அது 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். அதை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. பி.எச். எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், எத்தனை மோல் என்று கேளுங்கள். விற்க வருகிறவரிடமும் அதையே கேளுங்கள், பதில் வராது.

கே: 0.00000001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 8 தானே?

ப: அமிலம் எப்படி ஐயா காரமாகும்? மோலார் என்பது லிட்டருக்கு எத்தனை மோல் என்ற கணக்கு. இவ்வளவு நீர்த்த அமிலத்தில், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி தண்ணீரிலேயே கொஞ்சம் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7-க்கு ஒரு துளி கீழே, 6.98 வரும்.

கே: மஞ்சள் கறைமேல் சோப்பு போட்டதும் சிவந்துவிட்டது. துணி பாழா?

ப: இல்லை. மஞ்சளும் ஒரு நிறங்காட்டிதான், சோப்பின் காரம் பட்டுச் சிவக்கிறது. நன்றாக அலசி வெயிலில் காயப் போடுங்கள்.

கே: பிளீச்சிங் பவுடரோடு ஆசிடையும் ஊற்றினால் கழிப்பறை பளிச்சென்று ஆகும் என்கிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

ப: போதாது. வருவது குளோரின் என்ற நச்சு வாயு. ஏதாவது ஒன்றை மட்டும் போட்டுக் கழுவுங்கள், அடுத்ததை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆசிடில் தண்ணீர் கலக்கும் யோசனை இருந்தால் இரண்டாம் பதிலை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.