அக்காவிடம் கேளுங்கள்: வடக்கு யூலாண்டில் இரண்டு நாள்

கோடை விடுமுறை நெருங்குவது தபாலிலேயே தெரிகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி டென்மார்க்கின் வடக்கு யூலாண்ட் பற்றியவை. அந்தப் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்து, முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்து இளைப்பாறியவள் நான். அதனால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.

மூன்று பிள்ளைகளோடு காரில் வருகிறோம். இரண்டு நாள்தான் இருக்கிறது. ஸ்காகன் மட்டும் போதுமா, வழியில் வேறெங்கும் நிற்க வேண்டுமா?
– வாசகி, ஹேர்னிங்

தங்கச்சி, முதலில் பெயரைச் சரிசெய்வோம். டென்மார்க்கின் வடகோடியில், இரண்டு கடல் முட்டும் முனைக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் பெயர் எழுத்தில் ஸ்காகன் என்றிருந்தாலும் ஊர்ச்சனம் சொல்வது கிட்டத்தட்ட "ஸ்கேன்". ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரியேதான்.

ஹேர்னிங்கிலிருந்து மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சில் ஓடிப்போய், முனையில் ஒரு படம் எடுத்து, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அந்த முனை ஒரு மணல்நாக்கு, அவ்வளவுதான். மேற்குக் கரையைக் கடல் அரித்து, அரித்த மணலையும் கல்லையும் நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு வந்து கொட்டியதால் வளர்ந்த நிலம் அது. இன்னும் வளர்கிறது. ஆகவே மணல் வந்த வழியிலேயே நீங்களும் வாருங்கள். முதல் நாள் காலை ஓல்போர்க் பக்கத்தில் லிண்ட்ஹோல்ம் ஹோய் என்ற பழைய சுடலை, பின்னேரம் லோன்ஸ்ட்ரப் ஊருக்குப் பக்கத்திலுள்ள ரூபியர் க்னூட வெளிச்சவீடு. இரவு அங்கேயோ ஹியர்ட்ஸ்ஹால்ஸிலோ தங்குங்கள். அடுத்த நாள் ரோபியர் மீல மணல்மேடு, மணல் மூடிய கோயில், கடைசியாக முனை. கார் இல்லாதவர்கள் பிரெடெரிக்ஸ்ஹாவன் வழியாக ஸ்காகனுக்கு ரயிலிலேயே போகலாம். ஆனால் இடையிலுள்ள இடங்களுக்கு பஸ்ஸைக் காத்து நின்றே பொழுது போய்விடும்.

போன வருஷம் லிண்ட்ஹோல்ம் ஹோய் பார்த்தோம். புல்லும் கல்லும் செம்மறியும்தான். இதற்கா இவ்வளவு பேச்சு?
– வாசகர், வைல

தம்பி, எந்தப் பக்கத்தால் ஏறினீர்கள்? கார் நிறுத்துமிடத்திலிருந்து நேரே உச்சிக்குப் போய், "ஓ, கல்" என்று திரும்பியிருப்பீர்கள். நானும் முதல் தரம் அதைத்தான் செய்தேன்.

அது ஒரு சுடலை. ஏறக்குறைய 700 புதைகுழிகள். பெரும்பாலானவை உடலை அந்த இடத்திலேயே எரித்து, சாம்பலைச் சுற்றிக் கல் நட்டவை. உச்சியில் இருப்பவைதான் பழையவை, 5ஆம் நூற்றாண்டு அளவில் தொடங்குகின்றன. சரிவில் இறங்க இறங்கக் காலமும் இறங்கி வந்து, வைக்கிங் காலத்தின் கடைசியில், அதாவது 1000ஆம் ஆண்டை ஒட்டி முடிகிறது. பெண்களின் குழிகளைச் சுற்றி வட்டமாகவோ முட்டை வடிவாகவோ கல். ஆண்களுடையவற்றுக்கு முக்கோணம், பிறகு கப்பல் வடிவம். இரண்டு முனையும் கூர்ந்து, நடு அகன்று, அணியத்திலும் பின்னணியத்திலும் உயர்ந்த கல் நிற்கும். இனிப் போனால் ஒரு கப்பலுக்குள் போய் நின்று பாருங்கள். கீழே லிம்ஃபியோர்ட் என்ற கடல்நீரேரியின் தண்ணீர் தெரியும். செத்தவனை எங்கே அனுப்ப நினைத்தார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. நம்முடைய பழைய பாட்டுகளில் வழியோரத்துப் பதுக்கையும் நடுகல்லும் வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சரிவுதான் கண்ணில் வருகிறது.

இவ்வளவு கல் அப்படியே மிஞ்சியது ஏன் என்று கேட்டிருந்தால் இன்னும் நல்ல கேள்வி. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கற்களைத் தூக்கி வீட்டுக்கும் வேலிக்கும் கட்டிவிட்டார்கள். இங்கே மேற்கிலிருந்து பறந்துவந்த மணல் சுடலையை மூடிவிட்டது. பக்கத்தில் யாரோ உழுத வயலும் சால் சாலாகவே மணலுக்குக் கீழே கிடந்தது. 1952 முதல் 1958 வரை தோண்டியபோதுதான் முழுவதும் வெளியே வந்தது. வெளியே சுற்றிப் பார்க்கக் காசில்லை, பக்கத்து அருங்காட்சியகத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு. காலைச் சூரியன் சாய்ந்திருக்கும்போது போனால் நிழல் நீண்டு கப்பல்கள் தனித்தனியாகத் தெரியும். மத்தியானம் போனால் நீங்கள் சொன்ன புல்லும் கல்லும் செம்மறியும்தான்.

டென்மார்க்கில் ஒரு வெளிச்சவீட்டைச் சில்லு பூட்டித் தள்ளினார்கள் என்று என் பேரன் சொல்கிறான். கதை விடுகிறானா?
– வாசகர், டொரொன்டோ

பேரன் சொல்வது உண்மை, ஐயா. ரூபியர் க்னூட வெளிச்சவீடு 23 மீட்டர் உயரம், ஏறக்குறைய 720 தொன் எடை. 2019 ஒக்டோபர் 22 அன்று தண்டவாளம் போட்டு, அதை நிமிர்ந்த நிலையிலேயே 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். செலவுக்கு அரசு 50 இலட்சம் குரோனர் கொடுத்தது.

அன்று எனக்கு வேலைநாள். இல்லத்தின் பெரிய கூடத்தில் டெலிவிஷனைப் போட்டு, எல்லாரையும் சக்கரநாற்காலியோடு முன்னால் கொண்டுவந்து இருத்தினோம். கால்மணித்தியாலம் பார்த்துவிட்டு ஒரு கிழவி, "இது ஒன்றும் அசையவில்லையே, படம் நின்றுபோச்சா?" என்றார். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்து, கேக் வெட்டி, இரண்டு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், பின்னால் தெரிந்த மணற்குன்று கோபுரத்தின் மற்றப் பக்கத்துக்குப் போயிருந்தது. கிழவி நித்திரை. எழுப்பிச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வெளிச்சவீட்டின் கதை வேடிக்கையானது. 1900இல் முதன்முதலாக விளக்கேற்றியபோது கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. பெரிய மணல்மேடென்று ஒன்றும் கிடையாது. பிறகு காற்று, அரிந்த கரையின் மணலை மேலே தூக்கித் தூக்கிக் கொட்டியது. மேடு வளர்ந்து விளக்கையே மறைத்தது; கடலில் போகிறவனுக்கு வெளிச்சம் தெரியாத வெளிச்சவீடு. 1968இல் அணைத்துவிட்டார்கள். 1980இல் மணல் நகர்வு பற்றியே ஓர் அருங்காட்சியகம் வைத்தார்கள். அதையும் மணல் விடவில்லை, 2002இல் மூடினார்கள். சுற்றியிருந்த வீடுகள் மணலில் நொறுங்கின. கோபுரம் மட்டும் நின்றது. கடைசியில் மணல் தாண்டிப்போக, கடல் வந்து சேர்ந்தது. விளிம்புக்கும் கோபுரத்துக்கும் சில மீட்டர்தான் மிச்சம் என்றான பிறகே அந்தத் தண்டவாள வேலை.

போகிறவர்களுக்கு ஒன்று. கார் நிறுத்திய பின் ஒரு கிலோமீட்டர் அளவு நடை, கடைசிப் பகுதி மணல். உள்ளே படியேறி உச்சிக்குப் போகலாம். மண்மலையின் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. மழைக்குப் பிறகு கரையோரமாக அடியில் நடப்பதும் கூடாது.

பக்கத்தில் மோருப் கோயில் இருந்த இடம். 1250 அளவில் கட்டிய சிறு கோயில். கடல் கிட்ட வர வர, 2008இல் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். 1808இல் அந்தக் கரையில் உடைந்த பிரித்தானியப் போர்க்கப்பலின் நங்கூரம் ஒன்றும் அங்கே உண்டு. மோருப்பின் இடுகாடும் கடலோடு போய்க்கொண்டிருக்கிறது. மலைச்சரிவில் எலும்பு தெரிவது அங்குள்ளவர்களுக்குப் புதினமில்லை. சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதா என்பது உங்கள் முடிவு. என் மகன் ஏழு வயதில் கேட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு படுத்தான்.

நான் பருத்தித்துறைக்காரன். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்து வளர்ந்தவன். டென்மார்க்கிலும் அப்படி ஒன்று உண்டாமே?
– வாசகர், டோட்முண்ட்

அண்ணை, உங்கள் கடிதத்தைக் கண்டதும் 1986 நினைவு வந்தது. மொழிவகுப்பில் எங்களை பஸ்ஸில் ஏற்றி முதன்முதலாக அந்தப் பக்கம் காட்டக் கூட்டிப்போனார்கள். ரோபியர் மீலவில் இறக்கியதும் வடமராட்சிப் பொடியன்கள் நாலு பேர் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "டேய், மணற்காடு!" என்று கத்திக்கொண்டு மேட்டில் ஓடினார்கள். டீச்சர் பயந்துபோனா. குளிர் எவ்வளவு என்று பொடியன்களுக்கு ஐந்து நிமிஷத்தில் காலில் தெரிந்தது.

நீங்கள் கேட்பது ஸ்காகனின் புனித லோரன்ஸ் கோயில். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அந்தப் பகுதியில் பெரியது. 1700களின் பின்பாதியில் மணல் வாசலை அடைத்தது. பூசைக்கு வருகிறவர்கள் முதலில் மண்வெட்டியால் கதவைத் தோண்டித்தான் உள்ளே போக வேண்டும். பல வருஷம் தோண்டிப் பார்த்துவிட்டு 1795இல் அரச ஆணையோடு மூடிவிட்டார்கள். மண்டபத்தை இடித்து விற்றாகிவிட்டது. வெள்ளைக் கோபுரத்தை மட்டும் கப்பல்காரருக்கு அடையாளமாக விட்டுவைத்தார்கள். இப்போது மணலுக்கு மேலே தெரிவது 18 மீட்டர் அளவு. சுற்றிவரப் பைன் மரமும் ரோசாப் புதரும். வாசலில் நின்றால் கோபுரத்தின் அடி இன்னும் காலுக்குக் கீழே மணலுக்குள் இருக்கிறது என்று மண்டைக்கு எட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

ஒரு விஷயம் மணற்காட்டோடு ஒத்துப்போகும்: மணலைப் பிடித்து வைத்திருப்பது புல்லும் பற்றையும். கால்நடையை மேயவிட்டு, கூரைக்கும் தீனிக்கும் விறகுக்கும் வெட்டியதில் யூலாண்ட் மணல் அவிழ்ந்தது, புயல் மிச்சத்தைச் செய்தது. 1539இலேயே அரசர் மூன்றாம் கிறிஸ்டியான் மணல்மேட்டுச் செடிகளைப் பிடுங்கத் தடை போட்டார். யார் கேட்டார்கள்? 1792இல் வந்த மணல் சட்டத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகப் புல் நடத் தொடங்கினார்கள். அந்த முரட்டுப் புல்லைப் பிடுங்கப் பாருங்கள், கை அறுக்கும். வேண்டாம், பிடுங்கக் கூடாது.

ரோபியர் மீலவில் என் மாமியால் ஏற முடியுமா? முழங்கால் வருத்தம்.
– வாசகி, ஹோல்ஸ்டெப்ரோ

அடிவாரம்வரை முடியும், உச்சி கஷ்டம். 40 மீட்டர் உயரம், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். என் மாமி பாதியில் இருந்துகொண்டு தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தா. அந்தத் தேத்தண்ணியை மென்றுதான் குடித்தோம். கமராவைப் பைக்குள் வையுங்கள். என்னுடையது அன்றோடு சரி, வில்லை மணல் கடித்து வெளியே வரவேயில்லை.

மாமி கீழே இருக்கும்போது அவவுக்கு இதைச் சொல்லுங்கள்: அவ இருக்கும் மேடு வருஷத்துக்கு 18 மீட்டர்வரை வடகிழக்கே போகிறது. மற்ற மேடுகளையெல்லாம் புல் நட்டுக் கட்டிப்போட்ட அரசு, இதை மட்டும் 1900 அளவில் வாங்கி, மணல் என்றால் என்னவென்று பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அவிழ்த்து விட்டிருக்கிறது. மேடு கடந்துபோன இடம் பின்னால் தட்டையாக, ஈரமாகக் கிடக்கும். குளிர்காலத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும்.

கரையில் பழங்காலக் காசோ நகையோ கண்டால் எனக்கா, அரசுக்கா?
– வாசகர், ஓர்ஹுஸ்

அரசுக்கு. டேனிஷில் "டேனஃபே" என்பார்கள். உள்ளூர் அருங்காட்சியகத்தில் கொடுக்க வேண்டும். தேசிய அருங்காட்சியகம் மதிப்புப் பார்த்துப் பரிசுத்தொகை தரும். உலோகம் தேடும் கருவி கொண்டு போவதென்றால் நிலச்சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களை ஒட்டிக் கருவி போடவே கூடாது. லிண்ட்ஹோல்ம் ஹோயில் போய் முயற்சி செய்ய வேண்டாம்.

அம்பர் வேறு. அது உங்களுக்கே. மேற்குக் காற்றுப் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், கடற்பாசியும் கரிய குச்சிகளும் ஒதுங்கிய கோட்டில் தேடுங்கள். மஞ்சள் கல்லெல்லாம் அம்பர் இல்லை. நிறைய உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டால் அம்பர் மிதக்கும், கல் தாழும். பல்லில் மெல்லத் தட்டினால் கல் "டிக்" என்னும், அம்பர் பிளாஸ்டிக் மாதிரி மந்தமாக இருக்கும். நான் முப்பது வருஷத்தில் பொறுக்கியது ஒரு தேக்கரண்டி நிறையத் தேறும்.

ஸ்காகன் முனையில் பிள்ளைகள் குளிக்கலாமா? இரண்டு கடல் முட்டுவது உண்மையாகவே கண்ணுக்குத் தெரியுமா?
– வாசகி, ஓல்போர்க்

குளிக்கத் தடை. ஸ்காகராக், காட்டகாட் என்ற இரண்டு கடலும் அங்கே எதிரெதிராக இழுக்கும், நீந்தத் தெரிந்தவனையும் கொண்டுபோகும். கணுக்கால்வரை நிற்கலாம், பிள்ளையின் கையை விடாமல்.

காற்றுள்ள நாளில் வடிவாகத் தெரியும். இரண்டு பக்கத்து அலையும் குறுக்கே வந்து மோதி, நுரை மேலே எழும்பும். காற்றில்லாத நாளில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "கோட்டைக் காணவில்லையே" என்று என் மாமி குறைப்பட்டா. வரைபடத்தில் நீலக் கோடு பார்த்துவிட்டு வந்த ஆள். பிறகு சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இந்தக் கடலிலும் மற்றதை அந்தக் கடலிலும் வைத்து நின்றுவிட்டு, "இடப்பக்கம்தான் கூடக் குளிர்" என்றா. நானும் வைத்துப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.