தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஐ.டி. பெண்கள் கேட்டவை: நேரம், ஆன்-கால், பேறுகால விடுப்பு

உம்ஹ்லாங்காவிலிருந்து: அக்கா, வாரம் 55 மணி நேரம் போகிறது. ஓவர்டைம் கேட்டால் "சம்பளத்திலேயே சேர்த்தி" என்கிறார்கள். சட்டம் 45 மணிதானே?

அந்த 45 மணியும் ஒன்றரை மடங்கு ஓவர்டைமும் எல்லாருக்கும் இல்லைம்மா. ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்பைத் தாண்டினால் அந்தப் பிரிவுகள் பொருந்தாது. 2025 ஏப்ரலில் வைத்த வரம்பு 2,61,748 ராண்ட்; மாதம் 21,800 சொச்சம். டெவலப்பர் பலர் அதற்கு மேலேதான். ஆகவே உங்களுக்குக் காவல், காண்ட்ராக்ட் தாள்தான். வாரம் எத்தனை மணி, மிஞ்சினால் பணமா மாற்று விடுப்பா, அந்த விடுப்பை எத்தனை நாளுக்குள் எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுப்பு ஏட்டில் மட்டும் கிடக்கும். ஏற்கெனவே சேர்ந்தாயிற்று என்றால், ஆறு வார நேரக் குறிப்போடு சம்பள உயர்வுப் பேச்சுக்குப் போங்கள்.

ஃபீனிக்ஸ்: பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேரிலிருந்து 5.30-க்குப் பிள்ளையைக் கூட்டிவரணும். நாலு மணி நியூயார்க் மீட்டிங் நவம்பரில் ஐந்துக்குப் போய்விடுகிறது.

அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 6 மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் 7. காலண்டர் அழைப்பு நியூயார்க் நேரத்தில் இருப்பதுதான் வினை. அதை ஜோகன்னஸ்பர்க் நேரத்தில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காலை 9 ஆகும், அவ்வளவுதான். அக்டோபரிலேயே கேளுங்கள்.

சாட்ஸ்வர்த்: ஆன்-கால் (சிஸ்டம் பழுதானால் எந்நேரமும் போனை எடுக்கும் முறை) டீமில் மூன்றே பேர். புரட்டாசி சனிக்கிழமை பூஜையிலும் போன் அலறுகிறது.

ஜூலையிலேயே சனிக்கிழமைகளை மாற்றிக்கொள்ளுங்கள். பதிலுக்கு கிறிஸ்துமஸ் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், போன மாத இரவு அலர்ட்களைப் பட்டியலிடுவது. யாரும் எதுவும் செய்யாமலே அடங்கியவை இரவில் ஒலிக்கவே வேண்டாம், காலையில் பார்க்கும் டிக்கெட் (வேலைப் பதிவு) ஆகட்டும். 15 நிமிடத்தில் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆளுக்குப் போகும்படி வையுங்கள். இல்லையேல் கோயிலிலும் லேப்டாப்தான். இன்னொன்று: மாதம் 5 தடவையாவது, அல்லது ஆண்டுக்கு 50 தடவையாவது, இரவு 11-க்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக வேலை செய்தால், கேட்டால் மருத்துவப் பரிசோதனைக்குக் கம்பெனி ஏற்பாடு செய்தாக வேண்டும். இது வரம்புக்கு மேல் சம்பளக்காரருக்கும் உண்டு.

வெருலம்: 45,000 ராண்ட் சம்பளம். பேறுகாலத்தில் 66 சதவீதம் கிடைக்குமா?

கிடைக்காது. பேறுகாலப் பணம் தரும் யூ.ஐ.எஃப். (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) கணக்கிடும் சம்பளமே மாதம் 17,712 வரைதான். அதில் 66 சதவீதம் ஏறக்குறைய 11,690. கம்பெனி மீதியைத் தரக் கட்டாயமில்லை. நான்கு மாதத்துக்கு 1,33,000 ராண்ட் அளவு பள்ளம் விழும். கருவுற்றது தெரிந்ததும் சேமிக்கத் தொடங்குங்கள். முதல் பணம் தாமதமாகலாம், ஒரு மாதச் செலவைத் தனியே வையுங்கள். விடுப்புத் தேதிகளை நாலு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். 2025 அக்டோபர் 3-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னபடி, தாய் தந்தை இருவரும் வேலையில் இருந்தால் நான்கு மாதமும் பத்து நாளுமான விடுப்பைப் பங்கிடலாம். வீட்டுக்காரரையும் பேச்சில் உட்கார வையுங்கள்.

டோங்காட்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் விடுப்பைத்தான் எடுக்கணுமா?

வேண்டாம். குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு 3 நாள், சம்பளத்தோடு. சேர்ந்து நாலு மாதம் தாண்டியிருக்க வேண்டும். டாக்டர் சீட்டு வைத்திருங்கள், கேட்பார்கள்.