கண்ணாடி உடையுமா என்று கேட்கிறீர்கள்

கேள்வி: சென்னையில் இரண்டு வருடமாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், நான்கு டாம்சல், பாசி தின்ன நத்தைகள் இருக்கின்றன. கடையில் ஒரு பீகாக் மாண்டிஸ் இறாலைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. மீன்களோடு விடலாம் என்கிறார் கடைக்காரர். கண்ணாடியை உடைத்துவிடும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? அதை வளர்க்க என்னென்ன வேண்டும்?

பதில்: கடைக்காரர் சொன்னது தவறு. நண்பர் சொன்னது கொஞ்சம் மிகை.

பெயரில் இறால் இருந்தாலும் இது நாம் தொக்கு வைக்கும் இறால் இனம் இல்லை; தனி வரிசை. கும்பிடுபூச்சி மாதிரி முன்னங்கால்களை மடித்து வைத்திருப்பதால் வந்த பெயர். இவற்றில் இரண்டு ரகம். ஒன்று ஈட்டி போல் குத்துவது, மற்றது சுத்தியல் போல் அடிப்பது. பீகாக் அடிக்கிற ரகம். 2004ல் ஷீலா படேக் குழுவினர் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தபோது அந்த அடியின் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை போனது, அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். தசை மட்டும் அவ்வளவு வேகம் தராது. காலின் மேற்பகுதியில் குதிரைச் சேணம் போல் வளைந்த ஓட்டுப்பகுதி ஒன்று வில்லாக இறுகி, கொக்கி விட்டதும் தெறிக்கிறது. அந்த வேகத்தில் தண்ணீரிலேயே குமிழி உண்டாகி வெடிப்பதால் ஒரே அடியில் இரண்டு அடி விழுகிறது.

இப்படிப்பட்டதை உங்கள் நத்தைகளுக்கு நடுவே விட்டால் அவை அதற்கு முதல் வாரச் சாப்பாடு. க்ளவுன் மீன் சில மாதம் தப்பிக்கலாம். டாம்சலோடு ஒரு வருடம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் காலையில் ஒரு மீன் குறையும். அதனால் தனித் தொட்டிதான். இது 18 சென்டிமீட்டர் வரை வளரும். 120 லிட்டர் தொட்டி ஒன்று தாராளமாகப் போதும்.

கண்ணாடிக்கு வருகிறேன். 1998ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் டைசன் என்று பெயர் வைத்த ஒன்று தொட்டிக் கண்ணாடியை உடைத்தது. அந்த ஒரு கதைதான் இன்றுவரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. வீட்டுத் தொட்டியில் அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் இது பள்ளம் தோண்டும் பிராணி. தோண்டித் தோண்டி அடிக்கண்ணாடியைத் தொட்டதும் அங்கே தட்டிப் பார்க்கும். அதனால் மணல் கொட்டுவதற்கு முன் அடியில் ஓர் அக்ரிலிக் தகடு போட்டுவிடுங்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் கண்ணாடியாக வாங்குங்கள். கண்ணாடி விஷயம் இவ்வளவுதான்.

நான் இதுவரை கேள்விப்பட்ட சாவுகளில் கண்ணாடிக்குப் பங்கே இல்லை. வெளிச்சம், சூடு, ஓடு கழற்றும் நேரத்தில் நாம் காட்டும் அவசரம், இவை மூன்றும்தான் காரணம்.

முதலில் வெளிச்சம். இந்தப் பிராணி வெளிச்சம் மங்கிய ஆழத்தில் வளை தோண்டி வாழ்வது. பவளத் தொட்டிக்குப் போடும் பளீர் எல்.இ.டி.யின் கீழ் வைத்தால், பதுங்க இருட்டும் இல்லாவிட்டால், மேல் ஓட்டில் கருப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் விழ ஆரம்பிக்கும். ஓடு அரிக்கும் நோய் அது. லேசாக இருந்தால் அடுத்த ஓட்டோடு கழன்று போகும்; உள்ளே இறங்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம். அழகாகத் தெரிய வேண்டுமென்று விளக்கைக் கூட்டாதீர்கள். அறை வெளிச்சமே போதும். ஆசைக்கு ஒரு சின்ன நீல விளக்கு, அதுவும் நான்கைந்து மணி நேரம்.

அப்புறம் வளை. பிளம்பிங் கடையில் இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பும் இரண்டு எல்போவும் வாங்கி 'ப' எழுத்து போல ஒட்டுங்கள். பிராணியின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். பசை நன்றாகக் காய்ந்ததும் கழுவி, இரண்டு வாயும் மேலே தெரியும்படி மணலிலும் பவளச் சில்லுகளிலும் புதைத்துவிடுங்கள். பைப்பின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் அறுத்து அந்தப் பக்கம் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்தால், வெளியே கருப்புத் தாள் ஒட்டி, வேண்டும்போது தாளைத் தூக்கி உள்ளே பார்க்கலாம். சில்லு, உடைந்த சிப்பி, சின்னக் கற்கள் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுங்கள். வாசலைத் தன் இஷ்டத்துக்குக் கட்டி இடித்துக் கட்டுவதுதான் அதன் முழுநேர வேலை.

லைவ் ராக் (கடலில் எடுத்த, நுண்ணுயிர் ஒட்டிய பவளக்கல்) தேடி அலைய வேண்டாம். கடின பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. நம் கடலில் எடுத்த பவளக்கல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். செராமிக் கல் போதும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சை இங்கே மாற்றிப் போட்டால் கழிவை முறிக்கும் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஒன்று: மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது எப்போதாவது தாமிர மருந்து ஊற்றியிருக்கிறீர்களா? ஊற்றியிருந்தால் அந்தத் தொட்டியின் கல், மணல், பஞ்சு எதையும் கொண்டுவர வேண்டாம். தாமிரம் கல்லில் ஊறித் தங்கும். ஓடுள்ள உயிர்களுக்கு அது விஷம்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே விலங்கை இறக்குங்கள். உப்பு, ஒப்படர்த்திக் கணக்கில் 1.025 அளவில் நிற்கட்டும். சூடு 24 முதல் 27 டிகிரி. சென்னையில் இங்கேதான் இடிக்கும். மே மாதம் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 என்று போவது சாதாரணம். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் தினமும் விட வேண்டும். பலர் உப்புத் தண்ணீரையே விட்டு, ஒரு மாதத்தில் தொட்டியைக் கருவாட்டுப் பானை ஆக்கிவிடுகிறார்கள். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சாப்பாடு சுலபம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, உங்கள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இறால் அல்லது மட்டிச் சதை. கையால் கொடுக்காதீர்கள், நீளக் குறடால் கொடுங்கள். வாரம் ஒருமுறையாவது ஓட்டோடு நத்தையோ சின்ன நண்டோ போடுங்கள். உடைக்க ஏதாவது இருந்தால்தான் அது வளையை விட்டு வந்து விளையாடும். காம்பு மேலிருக்கும் இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று நண்டை அளவெடுப்பதைப் பார்த்துவிட்டால் நீங்கள் டிவி பக்கம் போகமாட்டீர்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை திடீரென்று சாப்பாட்டை மறுக்கும், வளை வாசலைச் சில்லு வைத்து அடைக்கும். ஓடு கழற்றப் போகிறது என்று அர்த்தம். வாரக்கணக்கில் வெளியே வராது. கல்லைத் தூக்கிப் பார்க்காதீர்கள், பைப்பை ஆட்டாதீர்கள். புது ஓடும் புது சுத்தியலும் இறுகும்வரை அதற்கு அடிக்கத் தெம்பு கிடையாது. எனக்கு முதல் தடவை நெஞ்சே நின்றுபோனது. ஒரு காலை கால்கள், கண்கள், வால் எல்லாவற்றோடும் முழு உடல் மணலில் மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்று குறடால் தூக்கினேன். காகிதம் போல லேசாக வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கூடு. சொந்தக்காரர் பைப்புக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிமேட்டில் இழுவலையில் வரும் மாண்டிஸ் இறாலை உயிரோடு கொண்டுவந்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அவை பெரும்பாலும் சேற்றில் வளை தோண்டும், குத்துகிற ரகம். ஆழமான மணல் வேண்டும். வலையில் நசுங்கி வந்தது எவ்வளவு பார்த்தாலும் நிற்காது. விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அந்த பீகாக்கின் இரண்டு சுத்தியலும் இருக்கிறதா, ஓட்டில் கரும்புள்ளி உண்டா, இரையைக் காட்டினால் பாய்கிறதா என்று பாருங்கள். ஆனால் உடனே போக வேண்டாம். புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பத்து நாளைக்கு மதியம் மூன்று மணிச் சூட்டை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஃபேன் ஓடியும் 28ஐத் தாண்டினால் முதலில் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) வாங்குங்கள். இறாலை அப்புறம் பார்க்கலாம்.