வேனில் தங்கிப் பயணம் போக எத்தனை வாட் சோலார், எவ்வளவு பேட்டரி வேண்டும்?

பழைய வேனைத் தங்கும் வண்டியாக மாற்றி, வேலூரிலிருந்து ஜவ்வாது மலை, ஏலகிரி என்று குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் போக நினைக்கிறீர்கள். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒன்று, ஃபேன் இரண்டு, லைட், மூன்று செல்போன், ஒரு லேப்டாப். இதற்கு என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் காட்பாடிக்காரன். இதே வெயிலில் இதே மாதிரி ஒரு வண்டி வைத்திருக்கிறேன். 300 வாட் பேனல், 12 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) உங்களுக்குப் போதும். ஆனால் அந்தப் பேனலைக் கூரையில் அடித்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கரண்ட் பில்லில் பார்க்கும் அதே யூனிட்தான். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 45 வாட் ஃப்ரிட்ஜ் மே மாதத்தில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும், அது ஒரு நாளைக்கு 0.6 யூனிட். 15 வாட் டிசி ஃபேன் இரண்டு, ராத்திரி 9 மணி நேரம்: 0.27. லைட், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து 0.16. மொத்தம் 1 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும்.

100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கும், அதில் 1.1 வரை தாராளமாக எடுக்கலாம். வெயிலே வராவிட்டாலும் ஒரு நாள் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். 150 ஆம்பியர் அவர் என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், எடை 50 கிலோவுக்கு மேல், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். குழந்தைகள் படுக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

நம் பக்கம் நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று வைத்து, வெப்பம், ஒயர், தூசி எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கழித்தால் 300 வாட் பேனல் அந்த 1 யூனிட்டைத் தந்துவிடும்.

இப்போது கூரை விஷயம். என் முதல் பேனல் கூரையில்தான் இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஆரணிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பேனலுக்கு வெயில் வேண்டுமே என்று பக்கத்தில் புளியமரம் இருந்தும் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திப் பூட்டினேன். பொங்கல் வைத்து, படையல் முடித்து, மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே அனல். அப்போது என்னிடம் இருந்தது பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றாக அடங்கிய பெட்டி. அதன் திரையில் சிவப்பு வெப்பக் குறி, உள்ளே வரும் வாட் என்ற இடத்தில் 0. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 40, 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜ் ஏற்றுவதைத் தாமாகவே நிறுத்திவிடும். பூட்டிய வேனுக்குள் நம்மூர் மே மாதத்தில் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடுகிறது. அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபேன் நின்றது. அம்மா முந்தானையால் என் மகளுக்கு விடியும்வரை விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த ராத்திரி எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் வண்டி நிழலில், பேனல் வெயிலில். மடக்கும் பேனலோ சட்டம் போட்ட பேனலோ, தனியாக எடுத்து வைக்கிற மாதிரி வாங்கி, 10 மீட்டர் ஒயர் போடுங்கள். 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒயர் வேண்டாம். 300 வாட்டை இரண்டு பேனலாக வாங்கினால், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) தாங்கும் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் தொடராகக் கோர்த்தால் ஒயரில் வீணாவது இன்னும் குறையும். காற்றில் கவிழாமல் கயிறு கட்டுங்கள். நிழல் துளிகூட விழக் கூடாது. ஜமுனாமரத்தூரில் ஒருமுறை கை தடிமன் கிளை ஒன்றின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்ததற்கே 140 வாட் 50-க்கு இறங்கியது. பேனலை இரண்டடி நகர்த்தினேன், பழையபடி ஏறியது. உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று மறைந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடும்.

ரெடிமேட் பவர் ஸ்டேஷன் வாங்குவதானால் அட்டையில் உள்ள எம்ஏஎச் எண்ணை நம்பாதீர்கள். 1,00,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும், 3.7 வோல்ட் கணக்கில் அது 0.37 யூனிட்தான். வாட் அவர் எவ்வளவு என்று கேளுங்கள்.

சட்னிக்கு மிக்ஸி ஓட்டலாம், 500 வாட் என்றாலும் ஐந்து நிமிடத்தில் 0.04 யூனிட்தான் போகும்; 1000 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டவே வேண்டாம், அரை மணி நேரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். படுக்கும் முன் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலே 10, 15 வாட் தின்னும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் 300 வாட் போதாது. அதற்காகப் பேனலைக் கூட்ட வேண்டாம். 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து போட்டால், ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் கால் யூனிட் ஏறும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக லித்தியத்துக்குக் கொடுக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகலாம். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அது இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.