ஆக்சிஜன் 96 காட்டுகிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நவம்பரில் ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி 19 நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் 7 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. ஆக்ஸிமீட்டரில் 96 காட்டுகிறது. எக்ஸ்ரேயில் தழும்பு இருப்பதாகச் சொன்னார்கள். மாமியார் அவரை அசையவே விடுவதில்லை, கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுக்கிறார். இரவில் திடுக்கிட்டு எழுந்து, "என் கையைக் கட்டிப்போட்டார்கள்" என்கிறார். நுரையீரல் போய்விட்டதா டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, நுரையீரல் போய்விட்டது என்று முடிவுகட்ட எதுவும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிறவருக்குக் குளித்துவிட்டு வந்ததும் மூச்சு வாங்கினால், நான் நுரையீரலைப் பார்க்கும் அதே கவனத்தோடு தொடையையும் பார்ப்பேன். இரண்டு கையையும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவர் திணறுகிறாரா? வேட்டி, பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஐசியூவில் படுத்திருப்பவர்களின் தொடைத் தசையை லண்டனில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பத்தே நாளில் தசையின் பருமன் ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. இப்படித் தளர்ந்த தசையில் கொஞ்சம் நடந்தாலே லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். அதை ஈடுகட்ட மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. வென்டிலேட்டரில் இருந்த நாட்களில் வேலையில்லாமல் கிடந்த உதரவிதானமும் (மூச்சை இழுக்க உதவும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) இளைத்துப்போயிருக்கும். அதனால்தான் நெஞ்சில் தெரிகிற மூச்சிரைப்பின் பெரும்பங்கு காலிலிருந்து வரலாம்.

டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்ற மருத்துவரின் குழு, நுரையீரல் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பிழைத்து வந்த 109 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து 2003இல் எழுதியது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தபோது, மூன்றாம் மாதத்தில் நடு மதிப்பாக 281 மீட்டர், ஒரு வருடத்தில் 422 மீட்டர். நுரையீரலின் கொள்ளளவு ஆறாம் மாதத்திலேயே இயல்புக்கு வந்துவிட்டது. ஆக்சிஜனை ரத்தத்துக்குக் கடத்தும் திறன்தான் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் தங்கள் சிரமத்துக்குக் காரணமாகச் சொன்னது தசை இழப்பையும் பலவீனத்தையும் களைப்பையும்தான். உங்கள் கணவர் இன்னும் மூன்றாம் மாதத்தைக்கூடத் தொடவில்லை. மாதக் கணக்கில் பாருங்கள், வாரக் கணக்கில் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும்.

மாமியாரின் பாசம் புரிகிறது. மகனைச் சாவின் வாசலிலிருந்து திரும்பப் பெற்ற தாய் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைப்பார். ஆனால் படுக்கை இப்போது அவருக்கு மருந்தல்ல. நாளையிலிருந்தே காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ தெருவிலோ சமதளத்தில் நடக்கட்டும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஐந்து முறை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பத்து முறை, தினமும் இரண்டு வேளை. மாடிப்படி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்று கூடுதலாகச் செய்துவிட்டு நாளையும் மறுநாளும் எழவே முடியாமல் துவண்டு கிடந்தால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவது இந்த உடம்புக்கு ஆகாது.

குளியல் பலருக்கும் பெரிய மலை. கையை உயர்த்துவது, குனிவது, நீராவி, ஈரத்தோடு அவசரம் என்று எல்லாம் அங்கே சேர்ந்துவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும். மூச்சு வாங்கினால் முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெழுகுவர்த்திச் சுடரை அசைப்பதுபோல மெதுவாக விடச் சொல்லுங்கள். மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப்பயிற்சிக் கருவியை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். அதை ஊதுகிறவர்கள் ஏராளம். அது இழுப்பதற்கானது. அதைவிட நடைதான் முக்கியம்.

சரி, நுரையீரலை மறந்துவிடலாமா என்றால் கூடாது. 96 என்பது உட்கார்ந்திருக்கும்போது உள்ள கதை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் ஒரு நிமிடம், முடிந்த வேகத்தில் எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். முடித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஆக்ஸிமீட்டரைப் பாருங்கள். நான்கு புள்ளி இறங்கினாலோ 90க்குக் கீழே போனாலோ நுரையீரல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நெயில் பாலிஷும் குளிர்ந்த விரலும் அளவைக் கெடுக்கும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு தடவை காட்டும் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் சொன்ன 'தழும்பு' பாதி ஆறிய வீக்கமாகவும் இருக்கலாம். இத்தனை கடுமையான நிமோனியாவின் நிழல் கலைய மாதங்கள் ஆகும். வீட்டுக்கு வந்து 12 வாரம் ஆனதும் மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அப்போதும் நிழலோ மூச்சிரைப்போ இருந்தால் சிடி ஸ்கேனும், வாயு கடத்தும் திறனை அளக்கும் டிஎல்சிஓ சோதனையும் தேவை. ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது சர்க்கரையை ஏற்றக்கூடும், இடுப்பு எலும்பையும் பாதிக்கக்கூடும். ஆகவே சர்க்கரையைப் பாருங்கள், இடுப்பிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்தால் அதையும் சொல்லுங்கள்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு இன்னொன்று உண்டு, இதை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வென்டிலேட்டர் குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழல் சுருங்குவது அது. வாரங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது 'கர்' என்றோ விசில் போலவோ சத்தம் கேட்டாலோ, கரகரத்த குரல் தெளியவே இல்லையென்றாலோ காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே 90க்குக் கீழே போவது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

கஞ்சியும் ரசமும் வயிற்றுக்கு இதம், ஆனால் தசையை அவை கட்டாது. சிறுநீரகக் கோளாறு இல்லாத 60 கிலோ மனிதருக்கு இந்த நேரத்தில் நாளொன்றுக்கு 70 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன் அல்லது கோழி, கெட்டியான பருப்பு, மாலையில் சுண்டல், ராத்திரி ஒரு டம்ளர் பால். மாமியார் கையாலேயே சமைத்துக் கொடுக்கட்டும். கூடவே கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடிப் புகை எதுவும் அவர் அறைப் பக்கம் வரக்கூடாது.

இரவில் அவர் சொல்வதைக் கனவென்று ஒதுக்காதீர்கள். குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க ஐசியூவில் கையைக் கட்டுவது நடப்பதுதான். மயக்க மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து அந்த நினைவை வேறு எதுவாகவோ மாற்றியிருக்கும். அந்த 7 நாட்கள் அவருக்குத் தெளிவாக நினைவில் இல்லை. என்ன நடந்தது, யார் வந்தார்கள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று பகல் வெளிச்சத்தில், நாள் நாளாக, நிதானமாகச் சொல்லுங்கள். பல குடும்பங்களில் இது மாத்திரையைவிட உதவியிருக்கிறது. ஏழு வாரமாகியும் தொடர்வதால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில் கேட்டுப்பாருங்கள். போய்வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. வேலைக்குத் திரும்ப நாள் குறிக்க வேண்டாம். அரை மணி நேரம் நிற்கவும் நடக்கவும் முடிந்து, மறுநாள் துவளாமல் இருந்தால் அரை நாள் ஷிப்டில் தொடங்கலாம். துணித்தூசிக்கு மாஸ்க் வேண்டும்.

நம் ஊரில் ஃப்ளூ மழையோடுதான் ஏறும். ஆகவே ஒவ்வொரு செப்டம்பரிலும் அவருக்குத் தடுப்பூசி போடுங்கள், நிமோகாக்கல் என்ற நிமோனியாத் தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அதே நாளில் உங்களுக்கும் மாமியாருக்கும் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள்.