நடன அரங்கும் டிஜேயும்: வாசகர் கேள்விகள்

நடன அரங்குகளில் இசை வழங்கும் டிஜேக்களின் வாழ்க்கையைப் பற்றியும் அவர்களைச் சுற்றி வளரும் இசைச் சூழலைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிறர் உருவாக்கிய பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிடுவதைத் தவிர டிஜே என்ன செய்கிறார்? இரண்டு பாடல்களின் தாளத்தையும் கருவியே பொருத்திவிடும் இந்தக் காலத்தில் இதைக் கலை என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அந்தக் கலை இல்லை. 1960களின் இறுதியில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே, அடுத்த இசைத்தட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, ஒலித்துக்கொண்டிருக்கும் பாடலின் தாளத்தோடு அதைப் பொருத்தி, நடனம் ஒரு நொடியும் நிற்காதபடி இரண்டையும் கலந்தார். அந்நாளில் இந்தப் பொருத்தமே அரிய திறமையாக இருந்தது. 1972-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின், அதாவது இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கவிடும் கருவியின், 1979-ஆம் ஆண்டு மாதிரியில், தட்டின் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி அமைக்கப்பட்டிருந்தது. பல தலைமுறை டிஜேக்கள் அதில்தான் கை பழகினார்கள். அந்த வேலையை இன்று, தாளங்களைத் தானே பொருத்தும் சிங்க் பொத்தான் செய்துவிடுகிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் அது எடுத்துக்கொண்டது கைவேலையின் ஒரு பகுதியை மட்டுமே.

மீதி முழுவதும் காதிலும் கண்ணிலும் இருக்கிறது. நடன இசை பெரும்பாலும் நான்கு அடிகள் கொண்ட தாள அளவுகளால் ஆனது; எட்டு அல்லது பதினாறு அளவுகளுக்கு ஒருமுறை ஒரு கருவி நுழையும் அல்லது விலகும். தாளம் துல்லியமாகப் பொருந்தியிருந்தாலும், புதிய பாடல் அந்த எல்லையில் நுழையாமல் நடுவில் நுழைந்தால், காரணம் தெரியாமலேயே ஆடுபவரின் கால் தடுமாறும். இரண்டு பாடல்களின் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியும் ஒருசேர ஒலித்தால் அரங்கம் வெறும் இரைச்சலாகிவிடும் என்பதால், ஒன்றின் பேஸைக் குறைத்து வைத்து, சரியான அடியில் மற்றதற்கு இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். இவை எல்லாம் பயிற்சியால் வரும். எந்தப் பாடலை, எந்த நேரத்தில், இந்தக் கூட்டத்துக்குக் கொடுப்பது என்ற முடிவு மட்டும் அவ்வளவு எளிதாக வருவதில்லை. இரவின் முதல் மணி நேரத்தில், ஆடுதளம் பாதி காலியாக இருக்கும்போது, உச்சத்தில் ஒலிக்க வேண்டிய பாடல்களைச் செலவழித்துவிடாமல், வந்தவர்களைச் சுவரோரத்திலிருந்து மெல்ல நடுவுக்கு அழைத்து வரும் டிஜேயைத்தான் நான் தேர்ந்த கலைஞர் என்பேன். நள்ளிரவில் நிரம்பிய கூட்டத்தைக் கைதட்ட வைப்பது அதைவிட எளிது.

கேள்வி: எங்கள் ஊரில் நடன இசை விரும்பிகள் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து பிரபலமானவர் வந்தால் அரங்கு நிரம்புகிறது. மறுவாரமே எல்லாம் அடங்கிவிடுகிறது. ஓர் ஊருக்கென்று ஓர் இசைச் சூழல் எப்படி உருவாகும்?

பதில்: பிரபலங்களின் வருகையால் உருவாகாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். 1979 ஜூலை 12 அன்று அந்நகரின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், 1970களின் நடன இசையான டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டத்தையே நடத்த முடியவில்லை. டிஸ்கோவின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அதே நகரில், வேர்ஹவுஸ் என்ற அரங்கில், நியூயார்க்கிலிருந்து 1977-இல் வந்து தங்கிவிட்ட ஃபிராங்கி நக்கிள்ஸ் வாரந்தோறும் இசை வழங்கிக்கொண்டிருந்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் சமூகங்களைச் சேர்ந்த தற்பாலீர்ப்பினர். பிற இடங்களில் மனம்விட்டு ஆட முடியாத அவர்களுக்கு அந்த அரங்கு ஒரு புகலிடமாக இருந்தது.

ஒரே அரங்கில் ஒரே டிஜே ஆண்டுக்கணக்கில் இசைத்ததால் இரண்டு நன்மைகள் விளைந்தன. கூட்டத்துக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. அதனால் கேட்டறியாத பாடலைப் போட்டாலும் ஆடுதளம் காலியாகவில்லை. அவருக்கும் அந்தக் கூட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ஆடுவதற்கு உகந்த பகுதிகளை நீட்டி, பின்னாளில் மின்னணுத் தாளக் கருவியின் ஒலியையும் சேர்த்து, பழைய டிஸ்கோவை அவர்களுக்காகவே மாற்றி அமைத்தார். ஹவுஸ் என்று நாம் இன்று அழைக்கும் இசை இப்படித்தான் உருப்பெற்றது.

ஆயினும் ஓர் அரங்கும் ஒரு டிஜேயும் மட்டும் சூழல் ஆகிவிட முடியாது. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 தாளக் கருவியும், அதையடுத்து வந்த டிபி-303 பேஸ் கருவியும் எதிர்பார்த்தபடி விற்காமல் சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டன. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அவற்றைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, படுக்கையறையில் ட்ராக்குகள் எனும் நடன இசைத் துண்டுகளைச் செய்து, ஒலிநாடாவில் பதிந்து நேராக அரங்குக்கே எடுத்துச் சென்றார்கள். மியூசிக் பாக்ஸ் அரங்கில் ரான் ஹார்டி அவற்றை அச்சேறும் முன்பே ஒலிக்கவிட்டார். எது ஆட வைக்கிறது, எது வைக்கவில்லை என்பதைச் செய்தவரே நின்று பார்க்க முடிந்தது. வானொலியில் ஹாட் மிக்ஸ் ஃபைவ் என்ற டிஜே குழு கலவைகளை ஒலிபரப்பியது. அந்த நிகழ்ச்சியில் கேட்டதைத் தேடிக்கொண்டு மக்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார்கள். டிராக்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் தட்டுகளை அச்சிட்டு வெளியிட்டன. அருகிலிருந்த டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் இதற்கு உறவான, ஆனால் முற்றிலும் தங்களுடையதான டெக்னோவை உருவாக்கினார்கள். அரங்கு, டிஜே, இசை செய்பவர், வானொலி, கடை, வெளியீட்டாளர் எல்லோரும் ஒருவருக்கொருவர் எட்டும் தொலைவில் இருந்ததே அந்த ஊர்களின் பலம்.

உங்கள் ஊருக்கு நான் சொல்லக்கூடியதும் இதிலிருந்தே வருகிறது. பெரிய மண்டபம் வேண்டாம். நூறு பேர் நெருங்கி நிற்கும் ஓர் அறையும் தெளிவான ஸ்பீக்கர்களும் போதும். ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமையில், அதே இரண்டு மூன்று டிஜேக்கள் நிகழ்ச்சியை நடத்தட்டும். முதல் மணி நேரத்தைப் புதியவர் ஒருவருக்குக் கொடுங்கள். உள்ளூரில் செய்யப்பட்ட, முழுமை பெறாத ட்ராக்கையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாவது போட்டுப் பாருங்கள். விருந்தினரை அழைப்பதில் தவறில்லை. அவருக்கு முன்னும் பின்னும் உங்கள் டிஜேக்களே இசைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் மறந்துவிடாதீர்கள். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட பேஸ் ஒலி சுவரைக் கடந்து போகும். இசையின் மேல் சலிப்பு வந்து மூடிய அரங்குகளைவிட, வாடகையாலும் இரைச்சல் புகார்களாலும் மூடியவையே அதிகம் என்பது என் எண்ணம். முன்பே இயங்கிவரும் இசை அரங்கின் அருகில் புதிதாக வீடு கட்டுபவரே ஒலித்தடுப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் 2018-இல் இடம்பெற்றது. அரங்குகளைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் 2021-இல் தீர்மானம் நிறைவேற்றியது; பெர்லினின் டெக்னோ மரபை அந்நாடு 2024-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பாதுகாப்புகள் தாமாக வந்துவிடவில்லை. அரங்கு நடத்துபவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டதனால் வந்தவை.

கேள்வி: சில மாதங்களாக வார இறுதிகளில் டிஜேயாக இருக்கிறேன். வீடு திரும்பிய பின்னும் காதில் ரீங்காரம் கேட்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: இல்லை. தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பாதீர்கள். பணியிடங்களுக்கென அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் அளவு, 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வகுத்த வரம்பும், 15 நிமிட சராசரியாக 100 டெசிபல். சில மணி நேரம் வந்துபோகும் பார்வையாளரை எண்ணி வகுத்த வரம்பு அது, வாரந்தோறும் ஸ்பீக்கர் அருகில் நிற்கும் உங்களை எண்ணியது அல்ல. உள்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

முதலில் காது மருத்துவரைப் பார்த்து, கேள்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், உங்கள் காதின் அச்சுக்கே வார்த்த காதடைப்பான்களை வாங்குங்கள். சாதாரணப் பஞ்சடைப்பான் உயர் ஒலிகளை மட்டும் மிகுதியாக விழுங்கிவிடுவதால் டிஜேக்கள் அதைச் சலித்துக் கழற்றிவிடுகிறார்கள். மேடை மானிட்டரை, அதாவது டிஜே கேட்பதற்கென வைத்த ஸ்பீக்கரை, கலவை செய்யும் நேரத்தில் மட்டும் உயர்த்தி, உடனே இறக்குங்கள். இரவு செல்லச் செல்லக் காது மரத்து ஒலியைக் கூட்டத் தோன்றும். எனவே தொடக்கத்தில் வைத்த அளவை ஒரு நாடாத் துண்டால், பாடல்களைக் கலக்கும் கருவியான மிக்சரில் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து பாடல் கேட்டால் டிஜே போடத்தான் வேண்டுமா?

பதில்: திருமண விருந்தில் வேண்டும், அழைத்தவர்களின் விழா அது. நடன அரங்கில் கட்டாயமில்லை, ஆனால் கேட்டவரை முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும். அவர் கேட்ட பாடல் பொருந்தாவிட்டாலும், கூட்டத்தின் ஒரு மூலைக்கு என்ன தேவை என்ற செய்தி அதில் இருக்கிறது.

கேள்வி: கல்லூரி முடித்த என் மகள் டிஜேயாக வாழப்போவதாகச் சொல்கிறாள். இரவு வேலை, நிலையில்லாத வருமானம் என்று அஞ்சுகிறேன். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அவள் விருப்பத்திலும் இருக்கிறது. அரங்கில் இசைப்பதால் மட்டுமே வாழும் டிஜேக்கள் சிலரே. மற்றவர்கள் இசை தயாரிப்பு, ஒலிப்பொறியியல், கற்பித்தல், நிறுவன நிகழ்ச்சிகள், பகல்நேர வேலை என்று ஏதேனும் ஒன்றையோ இரண்டையோ சேர்த்துக்கொண்டுதான் காலூன்றுகிறார்கள். ஆகவே வேறொரு வேலையும் வைத்துக்கொள்ளச் சொல்வது அவள் ஆசையைத் தடுப்பதாகாது; வருமானத்துக்காகப் பிடிக்காத இடங்களில் இசைக்கும் கட்டாயத்திலிருந்து அவளை அது விடுவிக்கும்.

அவளிடம் சில கேள்விகள் கேளுங்கள். ஊதியம், நேரம், நிகழ்ச்சி ரத்தானால் கிடைக்கும் தொகை ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா? முன்பணம் வாங்குகிறாளா? பின்னிரவில் வீடு திரும்பும் வாகனத்துக்கு யார் பொறுப்பு? அங்கே பெண் டிஜேக்கள் முன்பு இசைத்திருக்கிறார்களா, அவர்கள் அந்த இடத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? மேடையில் இலவசமாகக் கிடைக்கும் மதுவை மறுக்க அவளுக்குத் தயக்கம் இருக்கிறதா? இவற்றுக்கு அவள் தெளிவாகப் பதில் சொன்னால், தொழிலை அறிந்தே இறங்குகிறாள் என்று கொள்ளலாம். பிறகு ஒருநாள் அவள் இசைக்கும் அரங்குக்கு, கூட்டம் சேரும் முன்பான முதல் மணி நேரத்தில், நீங்களே சென்று பாருங்கள். அவள் தன் வேலையை எப்படிச் செய்கிறாள் என்பது அந்நேரத்தில்தான் நன்றாகத் தெரியும்.